சித்தி சுமந்த சீர்க்கூடை

எங்கள் வீட்டில் தண்ணீர் ஒழுகாத கூடை ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது தெருவில் ஒரு பிள்ளையும் நம்பவில்லை. அதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூடையில் தண்ணீர் நிற்காது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் ஊருக்கே தெரியாத ஒரு விஷயம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது என்பதுதானே என் பெருமை. அப்போது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். வாய் மட்டும் வயதுக்கு மீறி இருந்தது.

ரங்கூனில் பொட்டடாங் துறைக்குப் பின்னால் ஒரு சந்தில், மரப்பலகை வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அக்கா, அண்ணன், நான் என்று நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்காவைப் பசுண்டாங்கில் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. ரங்கூன் அரிசியை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவில் நேட்டாலுக்குப் போகும் கப்பல் அது. அங்கே கரும்புத் தோட்டங்களில் பாடுபடும் நம் ஜனங்கள் சாப்பிட்டது எங்கள் ஊர் அரிசிதான். ஒருமுறை போன சித்தப்பா காய்ச்சலில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கூடவே சித்தியும் வந்தாள். அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அம்மா சிரிக்காததற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வரும் மருமகள் பித்தளைக் குடமும் தாம்பாளமும் குத்துவிளக்குமாக வந்து இறங்கவேண்டும். சித்தி கொண்டுவந்தது ஓலையில் பின்னிய தட்டுகளும் கூடைகளும். அவள் பிறந்தது நேட்டாலில், கரும்புத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவளை வளர்த்தவர்களில் பாதிப்பேர் லயத்து ஜனங்கள், மீதிப்பேர் தோட்டத்தை ஒட்டி இருந்த ஜூலுப் பெண்கள். அவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கைக்கும் அந்த வேலை வந்துவிட்டது. புல்லைக் கற்றையாகப் பிடித்து, அதன்மேல் ஓலை நாரை நெருக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் கீழே இருக்கும் சுற்றோடு குத்தூசியால் தைத்துக்கொண்டே போவாள். நடுவில் காசளவுக்குத் தொடங்கினது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாம்பாளம் அளவுக்கு விரியும். மரப்பட்டையை வேகவைத்துச் சாயமேற்றிய நார் இடையிடையே வந்து, பழுப்பும் வெளுப்புமாகக் கட்டம் விழும். கட்டம் எங்கே வரவேண்டும் என்று அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அம்மா வைத்த பெயர் காட்டுக்கூடை. வந்த அன்றே பரணில் ஏற்றிவிட்டாள். ஆனால் பரணில் ஏறியது எப்படியோ ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. அரிசியில் கல் பொறுக்க ஒரு தட்டு வந்தது. முறத்தைவிடத் தட்டையாகவும் வெளுப்பாகவும் இருந்ததால் கல் தானாகக் கண்ணில் பட்டது. வடகம் காயவைக்க இன்னொன்று வந்தது. விருந்தாளி வந்தால் வெற்றிலை வைக்க ஒரு சின்னத்தட்டு. வாசலில் காய்கறி கொண்டுவரும் பர்மியப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதைக் கொடுத்துவிடு, ஒரு வாரத்துக்குக் கீரை தருகிறேன் என்று அம்மாவிடம் பேரம் பேசினாள். அம்மா தரவில்லை. அது எங்கள் வீட்டுப் பொருள் இல்லை என்று சொல்லித்தான் மறுத்தாள்.

இறங்காமல் பரணிலேயே இருந்தது ஒன்றுதான். பானை போல வயிறு பருத்து, கழுத்துக் குறுகி, மேலே கவிழ்க்கும் மூடியோடு இருந்த பெரிய கூடை. கப்பலில் வந்த நாளெல்லாம் தலைசுற்றலோடு உட்கார்ந்து சித்தி பின்னினது அது. உகாம்பா என்று பெயர் சொன்னாள். அதில் தண்ணீர் நிற்கும் என்று அவள் போகிறபோக்கில் சொன்னதைத்தான் நான் தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டேன்.

பிள்ளைகள் சும்மா விடுவார்களா? நிரூபி என்று தெருக்குழாயடியில் கூட்டம் கூடிவிட்டது. நான் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கூடையைக் குழாயடியில் வைத்து முதல் செம்பை ஊற்றினதும் நாலு பக்கமும் நீர் பிசுபிசுவென்று கசிந்தது. எதிர்வீட்டுப் பையன் கைதட்டிச் சிரித்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி பதறவே இல்லை.

"கொஞ்சம் இரு கண்ணு. காஞ்சு கெடந்தா வாயைத் தொறந்துக்கும். நனைஞ்சா தானே மூடிக்கும்."

கசிவு குறைந்தது. பிறகு நின்றது. சித்தி அடியைத் துடைத்துவிட்டுக் கூடையை நிறைக்க நிறைக்க ஊற்றித் தலையில் தூக்கி வைத்தாள். கையை விட்டுவிட்டு எங்கள் சந்தின் கோடிவரை நடந்து திரும்பினாள். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. எதிர்வீட்டுப் பையன் வீட்டுக்குள் போய்விட்டான். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் அந்தக் கூடையைப் பின்னினவளே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

நேட்டாலில் இதில் என்ன வைப்பார்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். கல்யாணம் காட்சி என்றால் வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது இதில்தான் என்றாள் சித்தி. பானகம் போலிருக்கிறது என்று அம்மா தலையாட்டிக்கொண்டாள். அது சோளத்தைப் புளிக்கவைத்து எடுத்த மது என்று சித்தி என் காதோடு சொன்னது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு. அம்மா கடைசிவரை பானகம் என்றே நம்பியிருந்தாள். நாங்கள் இருவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

இப்படி இருக்கையில் அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் வந்தது. பிறந்த வீட்டார் சீர் எடுத்துப் போய் வளையல் அடுக்கிப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவரவேண்டும். அக்காவின் மாமியார் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணத்தில் வைத்த சீரைப் பற்றியே ரங்கூனில் பாதிப்பேரிடம் குறை சொல்லியிருந்தாள். இந்தத் தடவை சீர் ஒழுங்காக வரவில்லையென்றால் பெண்ணை அனுப்பமாட்டேன், என் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்வேன் என்று ஆள்விட்டுச் சொல்லியும் விட்டாள். தலைப்பிரசவம். அம்மாவுக்கு அதற்குப்பிறகு சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து கப்பலில் வளைகாப்புக்கான கறுப்புப் பட்டுச்சேலை வரவழைத்தாள். அக்கம்பக்கத்தில் பித்தளைத் தாம்பாளமாகக் கேட்டு வாங்கிப் புளிபோட்டுத் துலக்கி வைத்தாள்.

அய்யர் குறித்துக்கொடுத்த நாள் சித்திரை வருஷப்பிறப்பு. அதற்குமுன் நல்ல நாள் இல்லை, அதற்குப்பின் மாதம் தாண்டிவிடும். ரங்கூனில் சித்திரை பிறக்கும்போது பர்மியர்களுக்குத் தண்ணீர்ப் பண்டிகை. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. விடிகாலையில் அவர்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள், நாம் வெயிலேறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் சம்பந்தி அசந்துபோகவேண்டும் என்று நாகசுரமும் தவிலும் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்.

முதல்நாள் சாயங்காலம் தட்டுகளை அடுக்கும்போது சித்தி தயங்கித் தயங்கி வந்து, சேலையை மட்டும் தன் கூடையில் வைத்து மூடிவிட்டால் நனையாது என்று சொன்னாள். சீர்ச்சேலையைக் காட்டுக்கூடையிலா வைப்பது என்று அம்மா கேட்ட கேள்வியில் சித்தி சுருங்கிப்போனாள். அதோடு அம்மா இன்னொன்றும் சொன்னாள். சீர்த்தட்டை எடுத்துவருகிறவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்கவேண்டும், நீ கடைசியில் சின்னவளைப் பார்த்துக்கொண்டு வா என்றாள். சித்தி சரிக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளையில்லை. எனக்கோ சித்தி என்னோடு வருகிறாள் என்பதில் ஒரே கொண்டாட்டம். நான் எப்படியும் உடுப்பை அழுக்காக்குவேன் என்று மாற்றுப் பாவாடை சட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சித்தி பரணிலிருந்து உகாம்பாவை இறக்கி, ஈரத்துணியால் வெளியே நன்றாக நனைத்து, உள்ளே துடைத்து, என் உடுப்பை அதில் வைத்தாள்.

மறுநாள் நாகசுரக்காரர் வருஷப்பிறப்புப் பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வந்தார். சூரியன் நன்றாக ஏறிவிட்டது. சித்ரான்னப் பாத்திரங்கள் வண்டியில் முன்னாலேயே போய்விட்டன. மேளம் முன்னே, அப்பாவும் அண்ணனும் அடுத்து, பிறகு அம்மாவும் தெருப் பெண்களும் தாம்பாளங்களோடு. கடைசியில் சித்தி, அவள் இடுப்பில் கூடை, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நான்.

சத்தம் போடாமல் போயிருந்தால் எங்களை விட்டிருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாலு பேர் தட்டோடு போனால் ஏதோ கோயில் காரியம் என்று ஒதுங்கி வழிவிடுகிற ஜனங்கள் அவர்கள். ஆனால் மேளம் கொட்டிக்கொண்டு, பூவும் பழமும் பட்டுமாக ஒரு ஊர்வலம் பந்தலைப் பார்த்து வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்தியக்காரர்கள் நம் பண்டிகைக்கு மரியாதை செய்ய வருகிறார்கள் என்று பந்தலே எழுந்து நின்றது. தலையில் மஞ்சள் பிடாவ் பூ வைத்த பெண்கள் வெள்ளிக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார்கள். ஒரு பெரியவர் கைகூப்பி வணங்கிவிட்டு அப்பாவின் தோளில் முதல் கிண்ணத்தைப் பக்தியோடு ஊற்றினார்.

அப்பா விளக்கப் பார்த்தார். துறைமுகத்தில் அவர் கற்றுக்கொண்ட பர்மியம் மூட்டையைத் தூக்கச் சொல்வதற்கும் திட்டுவதற்கும் போதும். வளைகாப்பு என்றால் என்ன என்று சொல்ல அதில் வார்த்தை இல்லை. தவில் நனைந்து தொப் தொப்பென்றது. நாகசுரக்காரர் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டார். கற்கண்டுத் தட்டு குளமாயிற்று. குங்குமம் கரைந்து ஒரு பெண்ணின் கை முழுக்கச் சிவந்தது. தண்ணீர் ஊற்றினவர்கள் கையோடு வெல்லம் வைத்த அரிசி உருண்டைகளை எங்கள் தாம்பாளங்களில் அள்ளி அள்ளி வைத்தார்கள். அடுத்த பந்தலிலிருந்தும் ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது.

அம்மா சேலைத் தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சேலையை மட்டும் மார்போடு கட்டிக்கொண்டு, முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்துக் குனிந்து நின்றாள். அப்படியே பின்னால் திரும்பினவள் கண்ணில் சித்தி பட்டாள். சித்தியின் இடுப்பில் இருந்த கூடையும் பட்டது. இரண்டே எட்டில் வந்து தன் கையாலேயே மூடியைத் திறந்தாள். என் பாவாடை சட்டையை எடுத்து என்மேல் வீசினாள். சேலையை உள்ளே வைத்தாள். ஓடிப்போய் வளையல் பொட்டலத்தையும் நனையாமல் மிச்சமிருந்த மஞ்சளையும் குங்குமச் சிமிழையும் பிடுங்கிவந்து வைத்தாள். கூடை நிறைந்துவிட்டது. சித்தி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் தூக்கலாமாக்கா?"

அம்மாவின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு நொடி சித்தியைப் பார்த்தாள்.

"மூடித் தூக்குடி," என்றாள்.

சித்தி கூடையைத் தலையில் வைத்தாள். கையை விட்டாள். அதற்குப்பிறகு பசுண்டாங் வரைக்கும் வழிநெடுக அவள்மேல் ஊற்றாத ஆள் இல்லை. அவளோ குழாயடிக்குப் போய் வருகிறவள் மாதிரி நிமிர்ந்து நடந்தாள். ஒரு பந்தலில் பெண்கள் கிண்ணத்தைத் தாழ்த்திக்கொண்டு அவள் கடந்துபோகும்வரை வேடிக்கை பார்த்தார்கள். நான் சொட்டச் சொட்ட, நனைந்த மாற்றுடுப்பையும் சுமந்துகொண்டு அவள் பக்கத்தில் நடந்தேன். இது எங்கள் சித்தி என்று ஒவ்வொரு பந்தலிலும் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது. அதனால் என்ன?

அக்காவின் மாமியார் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீர் நின்ற தாம்பாளங்களையும் அரிசி உருண்டைகளையும் பார்த்தாள்.

"சீர் கொண்டுட்டு வந்தீங்களா, குளிச்சிட்டு வந்தீங்களா?"

அவள் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டது எனக்கே தெரிந்தது. அம்மா சித்தியின் தலையிலிருந்து கூடையை இறக்கினாள். மாமியாரின் காலடியில் வைத்து மூடியை எடுத்தாள்.

மூடியின் மேலிருந்து ஒரு உழக்குத் தண்ணீர் வழிந்தது. உள்ளே சேலை கடைக்காரன் மடித்துக்கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது. மாமியார் குனிந்து சேலையைத் தொட்டாள். மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வளையல் சுற்றியிருந்த காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு சேலையை விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கி, உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி போன வழி தெரிகிறதா என்று நகத்தால் கீறினாள். தெரியவில்லை.

இதை யார் பின்னினது என்று கேட்டாள். என் தங்கச்சி என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்குத் தங்கை கிடையாது. அவள் வீட்டுக்கு ஒரே பெண். கல்யாணக் கூட்டத்தில் சித்தியைக் கவனித்திராத மாமியார் அவளைக் கிட்டே கூப்பிட்டு, எனக்கும் ஒன்று பின்னித் தருவாயா அம்மா என்று கேட்டாள். அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சலாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தி தலையாட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் மாமியார் சாதாரணமாகத்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

எங்களோடு வந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பிள்ளையில்லாதவள் தலையில் சீர் வந்தது என்று தெரிந்தால் அந்த அம்மாள் என்ன செய்வாள் என்பது எல்லாருக்கும் தெரியும். சித்தி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் ஈரத்தோளில் கையைப் போட்டாள்.

"மூணு," என்றாள் அம்மா. "மூணும் நல்லா இருக்காங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒரே மூச்சில் இரண்டு பொய். சரியானதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். மாமியார் அம்மாவின் முகத்தையும் சித்தியின் முகத்தையும் கொஞ்சநேரம் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"மூணு பெத்தவளா? அப்போ முதல் வளையலை அவளே போடட்டும். உள்ள வாங்க, தலையைத் துவட்டிக்குங்க."

அன்று அக்காவின் கைக்கு முதலில் வளையல் போட்டது சித்தி. அவள் அழுத்தி ஏற்றினதில் ஒரு வளையல் உடைந்தது. யாரும் அதைப் பெரிதுபண்ணவில்லை. அக்காதான் சித்தியின் விரல்களைப் பிடித்து அடுத்த வளையலைத் தன் கையில் ஏற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது அக்காவும் அம்மாவும் குதிரைவண்டியில் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், எதிரே நான் சித்தியின் மடியில். என் மனசெல்லாம் அந்த மூன்றிலேயே இருந்தது. அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அதனால் எனக்குத் தெரியாத ஏதோ உண்மை இருக்கவேண்டும். சித்தியின் காதில் வாயை வைத்து, உன் மூன்று பிள்ளைகளும் எங்கே என்று கேட்டேன். அவள் என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள், எனக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு. பாவம், நேட்டாலில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். முகம் தெரியாத அந்த மூன்று பேர்மேலும் பல நாள் எனக்குப் பொறாமையாக இருந்தது.